தினம் நூறு ரூபாய்

தண்டல், அதாவது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்க்கிற வட்டிக் கடன், வாங்குகிறவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று ஒரு கருத்து எங்கள் ஊரில் உண்டு. சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள், மாதச் சம்பளக்காரர்கள். வேலூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த நிதி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஒரு அதிகாரி இதையே கொஞ்சம் நயமாகச் சொன்னார். தினம் இரண்டு டீயை நிறுத்தினால் மாதம் 600 ரூபாய் மிச்சம், அதை ஐந்து வருடம் போட்டால் இவ்வளவு, பத்து வருடம் போட்டால் இவ்வளவு என்று பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா டீக்கடை வைத்திருப்பவர். ஊரே டீயை நிறுத்திவிட்டால் தன் சேமிப்பு என்னாவது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள்.

அன்றைக்குக் கிளம்பிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதிகாரி சொன்ன கணக்கு தப்பில்லை. அந்தப் பெண்களிடம் எது இருக்கிறது, எது இல்லை என்பதில்தான் அவர் தடுமாறினார். அதைச் சொல்வதற்கு எங்கள் அத்தையிடமிருந்து தொடங்க வேண்டும்.

அத்தை கொசப்பேட்டையில் இருக்கிறார். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி ஏஜென்ட். ஆர்டி என்றால் மாதா மாதம் ஒரே தொகையாகக் கட்டிச் சேர்க்கிற கணக்கு. பெண்களை மட்டுமே ஏஜென்டாக வைத்து வீடு வீடாக ஆர்டி பணம் வசூலிக்கிற திட்டம் 1972இலிருந்து நடக்கிறது. அத்தை அதில் சேர்ந்தது மாமா போன பிறகு. வெயில் ஏறுவதற்குள், அதாவது வேலூர்க் கணக்கில் பத்து மணிக்குள், தோளில் பையோடு சலவன்பேட்டை வரைக்கும் ஒரு சுற்று போய்விட்டு வருவார். முன்பெல்லாம் யார் யார் எவ்வளவு கட்டினார்கள் என்ற லிஸ்ட்டைக் கையால் எழுதிக் கொடுத்தால் போதும். இப்போது அதை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. மாதா மாதம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்லச் சொல்ல, நான் ஏற்றுவேன்.

இப்படி ஏற்றிக்கொண்டே வந்தால் ஒரு தெருவின் வருடம் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். ஜூனில் பள்ளி திறந்ததும் பாதிப் பேருக்குத் தவணை தள்ளிப்போகும். தீபாவளிக்கு அடுத்த மாதம் அப்படியே. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தள்ளும். பூ விற்கிறவர்களுக்குக் கல்யாணம் இல்லாத மார்கழியில் இழுக்கும். தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். நாலு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு முடங்கும். அப்புறம் இரண்டு மாதத்துக்குள் உயிர் கொடுக்காவிட்டால் கட்டவே முடியாது. ஆனாலும் முடங்கிப்போன கணக்குகள் குறைவு. தள்ளிப்போட்டவர்கள் வந்து அபராதத்தோடு கட்டிவிடுகிறார்கள். சேமிக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலையா இது?

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததும் அத்தைக்குப் புதுக் கணக்குகள் வந்தன. அவர் அதற்கு ஒரு சூட்சுமம் வைத்திருந்தார். மாதம் பதினைந்தாம் தேதிக்குள் தொடங்கிய ஆர்டிக்கு ஒவ்வொரு மாதமும் பதினைந்துக்குள் கட்ட வேண்டும். பதினாறுக்கு மேல் தொடங்கினால் மாதக் கடைசி வரை நேரம் உண்டு. உரிமைத்தொகை பதினைந்தாம் தேதி வாக்கில் வருகிறது. அதனால் எல்லோரையும் பதினாறுக்கு மேல்தான் கணக்குத் தொடங்க வைத்தார். இந்தக் கணக்குகளில் தவணை தவறுவது அபூர்வம். தொகை சின்னது, 200, 300. ஆனால் தேதி தவறாமல் வருகிற பணம் என்று அந்த வீடுகளில் அதற்கு முன்னால் ஒன்றுகூட இருந்ததில்லை. மாதம் 12,000 என்று சொல்லிக்கொள்ளும் வருமானம் ஒரு மாதம் 18,000 ஆகவும் அடுத்த மாதம் 6,000 ஆகவும் வருகிற வீட்டில், "வரவில் பத்து சதவீதம் ஒதுக்குங்கள்" என்ற அறிவுரையை எந்த மாதத்தில் வைத்துப் பொருத்துவது?

பூக்கார அக்கா

இனி தண்டல். அத்தை போகிற அதே தெருக்களில்தான் தண்டல்காரரும் போகிறார். எங்கள் பக்கம் பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். 8,500க்கு 1,500 வட்டி, நூறு நாளைக்கு என்று பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறதே. அதைச் சேர்த்து ஆண்டுக்கு என்று கணக்குப் போட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிப் போகும். 2003இல் தமிழ்நாட்டில் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். சட்டம் வந்த பிறகும் தண்டல்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்துகொண்டுதான் இருக்கிறார். முன்பு நோட்டில் குறித்தார், இப்போது ஜிபே வாங்கிக்கொள்கிறார்.

அத்தையிடம் ஆர்டி கட்டுகிறவர்களில் ஒரு பூக்கார அக்கா. விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டில் மல்லியும் சாமந்தியும் எடுத்துக் கட்டி, சாயங்காலம் கோட்டை பக்கம் விற்பார். மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்டி. ஒரு முறை அத்தைக்குக் கால் வலி என்று வசூலுக்கு நான் போனேன். நான் நின்றுகொண்டிருக்கும்போதே தண்டல்காரரும் வந்தார். அக்கா முந்தானை முடிச்சிலிருந்து அவருக்கு நூறு எடுத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் அரிசி டப்பாவிலிருந்து எனக்கு ஆயிரம் எடுத்து வந்தார்.

பி.காம். படித்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தண்டல் முடிந்த கையோடு அடுத்த தண்டல் எடுப்பவர் அவர். வருடத்துக்கு மூன்றரை தண்டல் என்று வைத்தால்கூட 5,000 ரூபாய்க்கு மேல் வட்டியாகப் போகிறது. ஆர்டிக்கு 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீதம். மாதம் ஆயிரம் வீதம் ஐந்து வருடத்தில் 60,000 கட்டினால் ஏறக்குறைய 71,370 கிடைக்கும். அந்த ஐந்து வருட வட்டியை இரண்டு வருடத் தண்டல் கிட்டத்தட்டத் தின்று தீர்த்துவிடும். இதையெல்லாம் வாசலிலேயே நின்று விளக்கினேன். ஆர்டியை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைப் பூவுக்கு முதலாகப் போடுங்கள், தண்டலே வேண்டாம் என்றேன். அது பிடிக்கவில்லை என்றால் ஆர்டி மேலேயே கடன் வாங்கலாம், பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால் கட்டியதில் பாதி வரை தருவார்கள், வட்டி ஆர்டி வட்டியைவிட இரண்டு சதவீதம்தான் கூடுதல் என்றேன். 8.7 எங்கே, நூறு எங்கே!

அக்கா கட்டிக்கொண்டிருந்த பூவை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "கணக்கு நீ சொல்றதுதான் தம்பி, நான் இன்னா இல்லன்னா சொல்றேன்? தண்டல்காரனுக்கு பயந்துகினு தெனம் கட்டிடுவேன். மழையானாலும் கட்டிடுவேன். அதே நூறு ரூவாய எனக்கு நானே எடுத்து வெக்கணும்னா, எவன் வந்து கேக்கப்போறான்? எங்க வூட்டுக்காரர் கேப்பாரு, எங்க நாத்தனார் கேக்கும். அவங்க கேட்டா அது போயிடும்."

ஆர்டி கடன் பற்றிக் கேட்டதற்கும் பதில் இருந்தது. "ஆபீசுக்குப் போவணும், பாரம் எழுதணும், கையெழுத்து ஒத்துப்போவலன்னு சொல்லுவாங்க, அரை நாள் ஏவாரம் போச்சு. சரி, வாங்கிட்டேன்னு வெச்சிக்கோ. திருப்பிக் கட்டலன்னா யாரு கேப்பாங்க?"

யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். முதிர்வுத் தொகையில் கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள், அதுதான் விதி.

"அப்போ என் துட்ட நானே தின்னுட்டேன்னு ஆயிடும். வேணாம். அது எங்க பாப்பா துட்டு, அது அப்படியே கெடக்கட்டும்."

தண்டல்காரர் இதையெல்லாம் வண்டியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா நம்ம கஸ்டமர் சார், ஒரு நாள் லேட் ஆவாது" என்று எனக்குப் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெருமையில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நூறு நாள், நாள் தவறாமல், 10,000 ரூபாய். சம்பளக்காரர்கள் எத்தனை பேர் ஒரு வருடம் முழுக்க அப்படி எடுத்து வைத்திருக்கிறோம்? தினம் நூறு ரூபாய் எடுத்து வைக்கிற திராணி அந்த அக்காவிடம் ஏற்கெனவே இருக்கிறது. பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு சேர்க்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த முன்பின் மாற்றத்துக்குக் கொடுக்கிற விலை 1,500 ரூபாய். அதில் ஒரு பங்கு பணத்துக்கான வட்டி. பெரிய பங்கு வாசலுக்கு ஆள் வருவதற்கான கூலி, வீட்டுக்காரரிடமும் நாத்தனாரிடமும் "தண்டல் கட்டணும்" என்று சொல்லிக்கொள்வதற்கான விலை. கடன் கட்ட வேண்டும் என்றால் உறவில் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். சேமிக்க வேண்டும் என்றால் "கையில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறாள்" என்று ஆகிவிடும்.

அவர் சொன்ன முழுவதையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருடத்துக்கு ஐயாயிரம் என்பது பாப்பாவுக்குச் சீருடையும் நோட்டும் செருப்பும். அது தெரு முனையில் வண்டி ஏறிப் போய்விடுகிறது. ஏழைகளின் விவேகம் என்று இதைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

கேட்க ஆள் இருக்கிற சேமிப்பு

யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் உழைக்கிற குடும்பங்களிடம் தங்கிய பணமெல்லாம் யாரோ ஒருவர் கேட்டதாலோ, கைக்கு வருவதற்கு முன்பே பிடித்ததாலோ தங்கியதுதான். ஏலச்சீட்டு அப்படி. தீபாவளிச் சீட்டு அப்படி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களுக்குப் பி.எஃப். அப்படி. குடியாத்தம் பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு. வீட்டில் உட்கார்ந்து இலை வெட்டித் தூள் போட்டுச் சுற்றுகிற வேலைக்கு அது கிடைத்தது சின்ன விஷயமில்லை. பல வீடுகளில் மகள் கல்யாணமும் தளம் போட்டதும் அந்தப் பணத்தில்தான். அதை எடுக்கப் போகும்போது வேறு தொல்லை: கம்பெனிப் பதிவில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயர், பிறந்த தேதி இரண்டிலும் வேறு வேறு. சொந்தப் பணத்துக்காக நடையாய் நடக்கும் அந்தப் பெண்களைப் பார்த்தால், பூக்கார அக்கா கையெழுத்து ஒத்துப்போகாது என்று சொன்னது சாக்காகத் தோன்றாது.

மகளிர் சுய உதவிக் குழுவும் இந்த வழியில் வந்ததுதான். 1989இல் தருமபுரியில் தொடங்கியபோது ஒவ்வொரு பெண்ணும் சின்னத் தொகை எடுத்து வருவதும், மற்றவர்கள் பார்க்க அதை நோட்டில் எழுதுவதும்தான் அதன் உயிர். இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கையில் இன்றைக்குக் காசில்லை என்று சொல்ல வாய் வராது. இப்போது எங்கள் தெருவில் "குழு கட்டணும்" என்றால் மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை என்று அர்த்தம். அதே வட்டம், அதே நோட்டு, பணம் போகிற திசை மட்டும் மாறிவிட்டது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்த வருமானம் என்ன என்று கடன் கொடுக்க வருகிற பையன்தான் எழுதிக்கொள்கிறான். பூக்கார அக்காவின் வருமானத்தில் எந்த மாதத்தை அவன் எழுதுவான்?

தங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரைப் பவுன் தோடு வாங்குவதும் சேமிப்பு, அதை அடகுக் கடையில் வைப்பதும் கடன், இரண்டும் ஒரே பொருளில் நடக்கும். 2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரை வைத்த நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தபோது, அதே நகையைச் சேட்டுக் கடையில் வைத்திருந்தவர்கள் வயிறெரிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் போகக் கூடாது. லட்சம் போட்டால் மாதா மாதம் ஆயிரக்கணக்கில் வட்டி என்று காட்பாடியை மையமாக வைத்து ஒரு நிதி நிறுவனம் வசூலித்து, 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் சோதனை போட்டார்களே, நினைவிருக்கிறதா? அதில் நகையை அடகு வைத்துப் போட்டவர்கள், வங்கியில் தனிநபர் கடன் வாங்கிப் போட்டவர்கள் எல்லாம் உண்டு. எனக்குத் தெரிந்து போட்டவர்கள் வாத்தியார்கள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், ஆபீஸ் உத்தியோகக்காரர்கள். டீயை நிறுத்தச் சொல்லி அறிவுரை சொல்கிற வகையைச் சேர்ந்தவர்கள். பூக்கார அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "எங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல தம்பி, கேட்டிருந்தா போட்டிருப்பேனோ இன்னாவோ" என்று சிரித்தார்.

நாற்பது ரூபாய்

தினமும் வந்து வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் தண்டல் தேவையில்லையே என்று அத்தையிடம் கேட்டேன். அத்தையே தினம் முப்பது, நாற்பது என்று வாங்கி மாதக் கடைசியில் ஆர்டியில் கட்டக் கூடாதா? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாசம் ஆயிரம் கட்டினா எனக்கு நாப்பது ரூபா கமிஷன்டா. அதுக்கு முப்பது நாளும் படியேறச் சொல்றியா? முழங்காலுக்குத் தைலம் நீ வாங்கித் தருவியா?"

அதுதான் நடப்பு. ஆர்டி வசூலுக்கு ஏஜென்டுக்கு நான்கு சதவீதம். இதையும் ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு கமிட்டி சொல்லி, 2011இல் மற்ற சேமிப்புத் திட்டங்களின் கமிஷனை வெட்டியபோதும் இதை மட்டும் விட்டுவைத்தார்கள். நாலு சதவீதம் அரசுக்கு அதிகமாகத் தெரிகிறது, அத்தைக்குப் பேருந்துச் செலவுக்கே பற்றவில்லை, தண்டல்காரருக்கோ பத்தாயிரத்துக்கு 1,500. பணம் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க ஆள் அனுப்புவது கட்டுப்படியாகிறது. வெறுமனே வாங்கிச் சேர்க்க ஆள் அனுப்புவது கட்டுப்படியாகவில்லை. முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. 1928இலேயே உடுப்பிப் பக்கம் சிண்டிகேட் வங்கி வீட்டு வாசலில் போய்த் தினம் இரண்டணா வாங்கி 'பிக்மி டெபாசிட்' என்று சேர்த்திருக்கிறது. இப்போது தபால்காரர் கையில் மிஷினோடு தபால் துறையின் பேமென்ட்ஸ் வங்கிக்காக வீட்டுக்கே வருகிறார், ஆனால் கூப்பிட்டால்தான். தண்டல்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை. அந்த வித்தியாசத்துக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும். நிதி விழிப்புணர்வுக் கூட்டத்துக்கும் பேனருக்கும் ஆகிற செலவை அத்தை மாதிரி ஆட்களின் கமிஷனில் சேர்த்தால் என்ன என்பது என் கட்சி. அத்தையும் அதையே சொல்கிறார், ஆனால் அதில் அவருக்குச் சுயலாபம் இருக்கிறது.

சரி, அதுவரைக்கும்? தண்டல் ஒன்று முடிகிற சமயத்தில் அத்தை பூக்கார அக்காவிடம் ஒரு யோசனை சொன்னார். தண்டல்காரருக்குக் கொடுத்த அதே நூறை, அதே நேரத்தில், பக்கத்து இட்லிக்கடை அக்காவிடம் கொடு. அது நூறு நாள் திருப்பித் தராது, கேட்டாலும் தராது. இட்லிக்கடை அக்கா வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும் என்பதால் ஆள் பொருத்தம்தான். ஆனால் அவர் எடுத்த எடுப்பில், "தெனம் அடுப்ப வுட்டுட்டு உங்கிட்ட வந்து கேட்டுகினு நிக்கணும், எனக்கு இன்னா தருவ?" என்றார். பேரம் நடந்தது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு முழம் மல்லி என்று முடிந்தது. நூறு நாளைக்கு எத்தனை வெள்ளி, முழம் என்ன விலை என்று பார்த்தால் தண்டல் வட்டியில் நாலில் ஒரு பங்கு வருமா என்பதே சந்தேகம். நோட்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். தண்டல்காரர் நோட்டு மாதிரியே கட்டம் போட்டது. அப்படி இருந்தால்தான் கட்டத் தோன்றும் என்று பூக்கார அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் பாக்கி விழுந்து, இட்லிக்கடை அக்கா தெருவில் நின்று சத்தம் போட்டு வாங்கியதாகக் கேள்வி. அதைத் தவிர ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தரம் நாத்தனார் வந்து பணம் கேட்டபோது, "இட்லிக்கடக்காரிக்குக் கடன் கட்டிகினு இருக்கேன்" என்று நோட்டையே எடுத்துக் காட்டியிருக்கிறார்.

பொங்கலுக்கு மல்லி விலை எகிறும்போது அந்தப் பத்தாயிரத்தை எடுத்து முதல் போடுவதாகத் திட்டம். தண்டல்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார், எதற்கும் இருக்கட்டும் என்று.